கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஐந்து நாள்

யப்பான் நாட்டிலே பெருந்தீவுகள் நான்கு. அவற்றைச் சூழ்ந்து கிடக்கும் சிறுதீவுகளோ ஆயிரக்கணக்கின. அச்சிறுதீவுகளிற் சிலவற்றுக்கு வெளிநாட்டார் விரும்பிச் சென்று சில நாள் தங்கி வருகின்றனர். ஆங்கு அவர்கள் தங்குவது மாட மாளிகைகளில் அன்று. 'மின்சுக்கு' எனப்படும் குடும்ப விடுதிகளிலே தங்குகின்றனர். ஒரு மீனவன் வீட்டின் பக்கத்தறையிலே பாய் விரித்துப் படுத்து, வீட்டார் சமைத்த மீனையும் சோற்றையும் உண்டு, விடியுமுன் வள்ளங்கள் புறப்படுவதையும், கிழவியர் வாசலிலே மீன் உலர்த்துவதையும் பார்த்துத் திரும்புகின்றனர். பார்த்து வியப்பதற்கு ஆங்கே கோபுரம் வேண்டியதில்லை. பிறர் வாழும் ஒரு சாதாரண நாளை உடனிருந்து காண்பதே அப்பயணத்தின் பயன்.

இச்செய்தியை ஒரு நூலிலே வாசித்துக்கொண்டிருந்தபோது என் மனத்திலே சிறிது நாணம் தோன்றியது. நம் நாட்டின் கிழக்குக் கரையிலே எத்தனை ஊர்களை நாம் பஸ் வண்டியின் யன்னல் வழியே மட்டும் கண்டிருக்கின்றோம்! பெயர்ப்பலகையை வாசிக்குமுன்னே ஊர் கடந்துவிடுகின்றது. அவ்வாறு நான் பலமுறை கடந்து சென்ற ஊர்களுள் ஒன்று சாய்ந்தமருது. சென்ற ஆவணி மாதத்திலே, நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்று, ஐந்து நாள் அவ்வூரிலே தங்கினேன். அந்த ஐந்து நாட்களிலே நான் கண்டவற்றையும், கேட்டறிந்தவற்றையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலிலே ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகின்றேன். மட்டக்களப்பு நகரத்தோடு புகையிரதப் பாதை முடிந்துவிடுகின்றது. அங்கிருந்து தெற்கு நோக்கி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்றால் கல்முனை. கல்முனையையும் கல்முனைக்குடியையும் அடுத்து வருவது சாய்ந்தமருது. அதனைத் தொட்டுக்கொண்டு மாளிகைக்காடு. அதற்கும் தெற்கே, 'யாழ் நூல்' தந்த விபுலானந்த அடிகள் 1892ஆம் ஆண்டிலே பிறந்த காரைதீவு. ஓர் ஊர் எங்கே முடிகின்றது, மற்றையது எங்கே தொடங்குகின்றது என்பதை வெளியூரார் அறிய முடியாது. ஊரவருக்கோ ஒரு வேலியும் ஓர் ஒழுங்கையும் எல்லையைக் காட்டிவிடும்.

ஊரின் கிழக்கே வங்கக் கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு மணற்பட்டை. அந்தப் பட்டையின் நடுவிலே பெருந்தெரு செல்லுகின்றது. பெருந்தெருவிலிருந்து கிழக்கே நடந்தால் சில நிமிடங்களிற் கடல் குறுக்கிடும். மேற்கே நடந்தால் அவ்வாறே வயல் குறுக்கிடும். இச்சிறிய பரப்பிலே 20,000க்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். வீட்டுக்கு வீடு மதில் ஒட்டி நிற்கின்றது. சாய்ந்து நின்ற ஒரு மருதமரத்தினாலே ஊருக்கு இப்பெயர் வந்தது என ஊரவர் கூறுவர். மருதம் வயலுக்குரிய மரம். பழந்தமிழ்ப் புலவர் வயல் சார்ந்த நிலத்தை மருதம் என்றும், கடல் சார்ந்த நிலத்தை நெய்தல் என்றும் வேறு பிரித்துப் பாடினர். இவ்வூரிலே மருதமும் நெய்தலும் ஒரே தெருவின் இரு முனைகள்.

அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டிலே மட்டக்களப்பிலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. ஆயினும் இம்மக்களின் பேச்சும் வழக்கமும் பழைய மட்டக்களப்பு நாட்டுக்கே உரியன. கண்டி மன்னன் செனரத், போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 4,000 பேரை 1626ஆம் ஆண்டளவிலே மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என வரலாறு கூறுவோர் எழுதுவர். அதற்கு முன்னரே வணிகத்தின் பொருட்டு வந்து தங்கியோரும் உளர். இன்று இக்கரையிலே முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாலையிலே மாறி மாறித் தொடுத்த மலர்கள்போல அடுத்தடுத்து அமைந்துள்ளன.

இனி நான் தங்கிய வீட்டைப் பற்றிச் சொல்லுகின்றேன்.

பஸ்ஸால் இறங்கி, நண்பரோடு ஒழுங்கையிலே நடந்தபோது, "உங்கள் வீடு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று வினவினேன். அவர் சிரித்துக்கொண்டு, "என்ட வீடு எண்டு ஒண்டு இல்ல. இது அவட வீடு" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதாகவே முதலில் எண்ணினேன். உண்மை அதுவே என்பது பின்னரே புலனாயிற்று. வீடு அவர் மனைவியினுடையது. அவர் பிறந்து வளர்ந்த வீடு இரண்டு ஒழுங்கைகளுக்கு அப்பால் இருந்தது; அதுவும் இப்போது அவருடைய ராத்தாவுக்கு, அதாவது தமக்கையாருக்கு, உரியது. இவ்வழக்கத்தைப் பற்றிச் சற்றுப் பின்னர் விரிவாகச் சொல்லுவேன்.

வாசலிலே எங்களை வரவேற்றவர் நண்பரின் மாமியார். தலையை முக்காட்டினால் மூடிய, அறுபதைக் கடந்த மூதாட்டி. "வாங்க மனே, இரிங்க" என்றார். 'மகனே' என்பதே இவர்கள் வாயிலே 'மனே' ஆகின்றது. முன்பின் அறியாத ஒருவனையும் முதற்சொல்லிலேயே மகனாக்கிக்கொள்ளும் இவ்வழக்கு மட்டக்களப்பு நாடெங்கும் உண்டு. தமிழர் வீட்டிலும் கேட்கலாம், முஸ்லிம் வீட்டிலும் கேட்கலாம். கதிரையில் அமர்ந்ததும் தேநீர் வந்தது. பின்னர் பித்தளை வட்டாவிலே வெற்றிலையும் பாக்கும் வந்தன. வெற்றிலை உண்ணும் பழக்கம் குறைந்துவிட்ட இந்நாளிலும், விருந்தினர் முன்னே வட்டாவை வைப்பது மரியாதை. அவ்வட்டாவும் அம்மூதாட்டிக்குத் தம் தாயாரிடமிருந்து வந்ததாம்.

அடுத்த நாள் விடியற்காலை, சுபஹுத் தொழுகைக்கான பாங்கொலி கேட்டுக் கண்விழித்தேன். ஒரு பள்ளிவாசலிற் தொடங்கிய ஒலியை அடுத்த பள்ளிவாசல் தொடர, சில கணங்களில் ஊர் முழுவதும் அவ்வொலி நிறைந்தது. தொழுகை முடிந்து ஆடவர் திரும்பும் வேளையிலே கடற்கரைப் பக்கம் நடந்தோம். அங்கே கரைவலைத் தோணி புறப்பட ஆயத்தமாக நின்றது.

கரைவலை என்பது கிழக்குக் கரையின் பழந்தொழில். அதன் முறையைச் சுருங்கச் சொல்லுகின்றேன். நீண்ட வலை, அதன் நடுவிலே பைபோன்ற பகுதி ஒன்று. அதனை மடி என்பர். மடியின் இருபுறமும் வலையின் இரு கைகள்; கைகளின் நுனியிலே நெடுங்கயிறுகள். ஒரு கயிற்றின் நுனியைக் கரையிலே விட்டுவிட்டுத் தோணி கடலுள்ளே செல்லும். அரைவட்டமாக வளைந்து வலையை இறக்கிக்கொண்டு, வேறோர் இடத்திலே மற்றைக் கயிற்றோடு கரைசேரும். பின்னர் கரையிலே இரண்டு கூட்டமாக ஆட்கள் நின்று இரு கயிறுகளையும் இழுப்பர். இழுக்க இழுக்க இரு கூட்டமும் சிறிது சிறிதாக நெருங்கி வரும். வலையின் வாய் ஒடுங்கும். ஈற்றிலே மடி மணலில் ஏறும். இவ்வளவும் நடந்து முடிய மணிக்கணக்காகும். சில கரைகளிலே இப்போது உழவு இயந்திரத்தைக் கொண்டு கயிற்றை இழுக்கின்றனர். நான் கண்டது கைகளால் இழுத்த வலை.

ஆவணியிலே இத்தொழில் நடைபெறுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களிலே இங்கு வீசுவது கச்சான் காற்று. மேற்கே மலைநாட்டைக் கடந்து, ஈரத்தை இழந்து, வறண்டு வருவது. உடலுக்கு அது இன்பமானதன்று. உதடு வெடிக்கும், மணல் கண்ணில் விழும். ஆனால் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதனாலே கரையோரக் கடல் தணிந்து கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்றுத் தொடங்கியதும் அலை கொந்தளிக்கும், தோணிகள் கரையேறும். ஆகவே பங்குனி தொடக்கம் புரட்டாதி வரை உழைப்பதே ஆண்டு முழுவதற்குமான உழைப்பு. மாரிகாலத்திலே முதலாளியிடம் முற்பணம் வாங்கி உண்பதும், கோடையிலே அதனை உழைத்துக் கழிப்பதும் இத்தொழிலாளர் பலரின் வாழ்க்கை வட்டம்.

முன்னாளிலே கயிறிழுக்கும்போது அம்பாப் பாடல் பாடுவர். ஒருவர் முன்னே சொல்ல, மற்றையோர் பின்னே சொல்லுவர். களைப்பை மறப்பதற்காகப் பாடுவது என்பர் பலர். ஒரு முதிய தொழிலாளி எனக்கு வேறு விளக்கம் தந்தார். "பாட்டு இல்லாட்டி ஆள் ஆளுக்கு இழுப்பான். பாட்டு இருந்தா எல்லாரும் ஒண்டா இழுப்பான்" என்றார். முப்பது பேரின் வலுவை ஒரே கணத்திலே ஒன்று சேர்க்கும் கருவி அது. இந்நாளிலே இளைஞர் அதிகம் பாடுவதில்லை. ஒரு சிறு கூவலே போதுமாயிற்று.

மடி கரையேறியபோது நெத்தலியும் சாளையும் காரலும் வெள்ளியாய்ப் பளபளத்தன. பெரிய மீன்கள் சிலவே. வியாபாரிகள் சூழ்ந்தனர், விலை பேசி முடித்தனர். செலவு கழித்து மிகுந்த பணம் வலைக்காரருக்கும் தொழிலாளருக்கும் பங்காகப் பிரியும். அதற்கு முன்னே நடந்த ஒரு செயலே என் மனத்தில் நின்றது. கயிற்றைக் கையாலே தொட்ட ஒவ்வொருவருக்கும் அன்றைய கறிக்கென்று ஒரு பிடி மீன் கொடுக்கப்பட்டது. கயிற்றின் நுனியிலே விளையாட்டாகத் தொங்கிய இரண்டு சிறுவருக்கும் கொடுக்கப்பட்டது. சற்று அப்பாலே பையோடு நின்ற ஒரு கைம்பெண்ணுக்கும் கொடுக்கப்பட்டது. அவர் கேட்கவில்லை, கொடுத்தவர் அவர் முகத்தைப் பார்க்கவுமில்லை. கேளாமற் கொடுப்பதும், பாராமற் கொடுப்பதும் பண்பாடு அல்லவா?

அன்று மதிய உணவிலே அம்மீனே கறியாயிற்று. சோறும் மீன்கறியும், முருங்கைக்கீரைச் சுண்டலும், புளியும் தேங்காய்ப்பாலும் கலந்து செய்த புளியாணமும் இருந்தன. புளியாணம் இப்பகுதி முஸ்லிம் வீடுகளின் தனிச்சிறப்பு. கறியின் காரத்தை அது தணிக்கும். வெயிலிலே நடந்து வந்தவன் வயிற்றையும் குளிர்விக்கும். உணவின் முடிவிலே சட்டியில் உறைந்த எருமைத் தயிர். "ஒள்ளுப்பம் போட்டுக்கங்க மனே" என்று மூதாட்டியார் வற்புறுத்தினார். 'ஒள்ளுப்பம்' என்றால் சிறிதளவு என்பது பொருள். அவர் இட்டதோ சிறிதளவன்று!

இம்மக்களின் பேச்சைக் கேட்பது தனி இன்பம். 'பின்னர்' என்பதற்கு 'மறுகா' என்பர். 'திரும்புதல்' என்பதற்குக் 'கிறுகுதல்' என்பர். தமிழ்ப் பேச்சு வழக்குகளை ஆராய்ந்த செக்கு நாட்டு அறிஞர் கமில் சுவெலபில், மட்டக்களப்புத் தமிழே பேச்சு வழக்குகளுள் இலக்கியத் தமிழுக்கு மிக அணுக்கமானது என 1966ஆம் ஆண்டில் எழுதினார். அரபுச் சொற்களும் இப்பேச்சிலே இயல்பாகக் கலந்துள்ளன. ஆயினும் வாக்கியத்தின் நடை பழந்தமிழ் நடை. எழுத வாசிக்க அறியாத பெண்டிரும் முன்னாளிலே நான்கடிக் கவிகளை இட்டுக்கட்டிப் பாடினர் என்பதை நாட்டார் இலக்கியம் தொகுத்தோர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

மூன்றாம் நாள் ஊரின் மறுபுறத்துக்குச் சென்றேன். சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. தொடர்ச்சியான வயற்பரப்பை இங்கே 'வட்டை' என்பர். வயலுடைய பெருநிலக்காரரைப் 'போடியார்' என்பர். இவ்வயல்களுக்கு நீர் தருவது பட்டிப்பளை ஆறு. கல்லோயா என்று நாம் அறிந்த ஆற்றின் பழந்தமிழ்ப் பெயர் அதுவே. 1949ஆம் ஆண்டிலே கல்லோயாத் திட்டம் தொடங்கப்பட்டு, இங்கினியாகலையிலே ஆறு மறிக்கப்பட்டது. அவ்வாறு உருவான சேனநாயக்க சமுத்திரம் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். மழையை மட்டும் நம்பிய பல வயல்களிலே ஆண்டுக்கு இரு போகம் விளையும் நிலை அதனாலே ஏற்பட்டது.

இன்று அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கி, ஒரு பக்கம் கதிரை அறுத்து மறுபக்கம் நெல்லைக் கொட்டிவிடுகின்றது. எருமைகளைப் பிணைத்துச் சூடு மிதித்த காலம் போய்விட்டது. எங்களோடு வந்த ஒரு முதியவர் அக்காலத்தை நினைவுகூர்ந்தார். களவெட்டியிலே நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்களாம். 'பொலி' என்றே சொல்லுவார்களாம். குறைவையும் முடிவையும் குறிக்கும் சொற்களைக் களத்திலே வாய்விட்டுச் சொல்லுதல் ஆகாது. விளைச்சலைக் காக்கும் மரியாதை அது. "மெசினுக்கு எந்தச் சொல்லும் கேக்காது மனே" என்று கூறி அவர் நகைத்தார்.

அந்நாளிலே கூலி நெல்லாகக் கிடைத்தது. கதிர் பொறுக்கிய ஏழைப் பெண்களுக்கும் ஒரு பெட்டி நெல் சேர்ந்தது. இயந்திரம் காலத்தை மிச்சப்படுத்திற்று. ஆனால் கதிர் பொறுக்கியவர்களுக்கு அது மாற்றுத்தொழில் எதனையும் காட்டவில்லை. அவர்களுட் சிலர் மருதமுனைக் கைத்தறிகளுக்குச் சென்றனர். சிலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றனர்.

ஏன் சென்றனர்? வயிற்றுக்காக மட்டுமன்று, வீட்டுக்காகவும் சென்றனர். இனி அந்த வீட்டு வழக்கத்தை விளக்குகின்றேன்.

கிழக்குக் கரையிலே ஆண் மணமுடித்து மனைவி வீட்டிற்குச் செல்லுகின்றான். பெண்ணுக்குப் பெற்றோர் ஒரு வீட்டைச் சீதனமாகக் கொடுக்கவேண்டும். மூத்த மகளுக்குத் திருமணமானதும், சிலகாலம் எல்லோரும் சேர்ந்து வாழ்வர். பின்னர் பெற்றோர் அவ்வீட்டை அவளுக்கு விட்டு, இளைய பிள்ளைகளோடு பக்கத்திலே கட்டிய வேறொரு வீட்டிற்குப் பெயர்வர். அடுத்த மகள் மணமுடித்தால் அவ்வீடும் அவளுக்காகும். இவ்வாறு பெற்றோர் தம் வாழ்நாளிலே இரண்டு மூன்று வீடுகளைக் கட்டி, இறுதியிலே இளைய மகளின் வீட்டிலே, ஒரு பக்கத்து அறையிலே, கண்மூடுவர். உடன்பிறந்த பெண்கள் ஒரே வளவிலும் அடுத்தடுத்த வளவிலும் வாழ்கின்றனர். அதனாலே பிள்ளைகளுக்குப் பெரியம்மாவும் சாச்சியும் இன்னுமிரு தாயராகவே விளங்குகின்றனர்.

இதனோடு தொடர்புடையது 'குடி' முறை. ஒருவர் எக்குடியைச் சேர்ந்தவர் என்பது தாயாலே தீர்மானிக்கப்படுகின்றது. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடியினர் தம்முள் மணம் செய்தல் வழக்கமன்று. பள்ளிவாசல் நிருவாகத்திலே குடிக்கொரு மரைக்காயர் அமரும் மரபும் இங்கு இருந்துவந்தது. அயலிலுள்ள தமிழ் ஊர்களிலும் குடியும் சீதன வீடும் உண்டு. இவ்விரு சமூகத்தாரையும் சமயம் வேறாக்கினும் வீட்டின் அடித்தளம் ஒன்றாகவே இருக்கின்றது.

உலகிலே இது தனித்த வழக்கமன்று. தமிழகத்தின் காயற்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முஸ்லிம் மணமகன் பெண்வீட்டிற்கே செல்லுகின்றான். கேரளத்தின் வடமலபாரிலே மாப்பிள்ளைமாரிடையே தாய்வழித் தரவாடுகள் இருந்தன. இந்தோனேசியாவின் சுமாத்திராத் தீவிலே மினாங்கபாவு மக்கள் உறுதியான முஸ்லிம்கள். எனினும் குலவீடு பெண்ணின் வழியே செல்லுகின்றது. இந்தியப் பெருங்கடலின் கரையோரங்களிலே கணவன் கடலோடியாகவும் வணிகனாகவும் மாதக்கணக்கில் வெளியே திரிய, வீட்டிலே நிலைத்திருப்பவள் பெண்ணாதலின், வீட்டை அவள் பெயரில் வைத்தலே பொருத்தமாயிற்று எனக் காரணம் கூறுவாருமுளர்.

இவ்வழக்கத்தின் நன்மை வெளிப்படை. கணவன் கைவிட்டாலும், கடல் அவனைக் கொண்டுபோனாலும், பெண்ணுக்குத் தலைக்குமேல் ஒரு கூரை உண்டு. பிறந்த வீட்டாரின் நடுவே அவள் வாழ்கின்றாள். சுமையும் அதேயளவு வெளிப்படை. தகப்பன் உழைப்பும், அண்ணன் தம்பியர் உழைப்பும் செங்கல்லாகவும் சீமெந்தாகவும் மாறுகின்றன. தங்கைக்கு வீடு முடியும்வரை தன் திருமணத்தை ஒத்திவைக்கும் இளைஞர் பலர். மணமகனுக்கு மஹர் கொடுக்கும் கடமை மார்க்கத்திலே இருக்க, பெண்வீட்டாரிடம் வீட்டையும் கைக்கூலியையும் எதிர்பார்ப்பது முறையா என்று மார்க்க அறிஞர்கள் வினவிவருகின்றனர். ஊரிலே இது தீராத வாதம். நான் தங்கிய வீட்டின் திண்ணையிலும் ஒரு மாலைப் பொழுது முழுவதும் இவ்வாதம் நடந்தது. வீடில்லாமற் பெண் கேட்க வருவோர் எத்தனை பேர் என்று மூதாட்டியார் கேட்டதும் இளைஞர் மௌனமாயினர்.

நான்காம் நாள் ஒரு திருமண வீட்டிற்குச் சென்றேன். மாப்பிள்ளை ஊர்வலமாகப் பெண்வீட்டிற்கு வந்தார். பெண்கள் குரவையிட்டனர். தமிழர் வீட்டுக் குரவைக்கும் இதற்கும் என் செவிக்கு வேற்றுமை தோன்றவில்லை. விருந்திலே பெரிய சஹனைச் சுற்றி ஆறுபேர் அமர்ந்து ஒரே தட்டிலே உண்டோம். பக்கத்திலிருந்தவர் என் பக்கம் இறைச்சியைத் தள்ளிக்கொண்டேயிருந்தார். அவ்வீட்டுச் சுவரின் சுண்ணாம்பு இன்னும் ஈரமாயிருந்தது. திருமணத்துக்கு முதல்நாள் இரவுதான் வேலை முடிந்ததாம்.

நேயர்களே, இவ்வூரைப் பற்றிப் பேசும் எவரும் 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதியைப் பேசாமல் முடிக்க இயலாது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். காலை ஏழு மணியளவிலே சுமாத்திராவுக்கு அண்மையிற் கடலடி நிலம் நடுங்கியது. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தின் பின் அலை இக்கரையை அடைந்தது. இரண்டு மணித்தியாலம்! கடற்கரையிலிருந்து பெருந்தெருவைக் கடக்கச் சில நிமிடங்கள் போதும். ஆனால் அறிவிப்பார் எவருமில்லை. இலங்கையிலே மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அங்கு இறந்தோர் 10,000க்கு மேற்பட்டோர். சாய்ந்தமருதின் கடற்கரை ஒழுங்கைகளிலே ஆளிழக்காத வீடு அரிது. வலை இழுக்கும் அந்த மணலிலேதான் அன்று உடல்களைத் தேடினார்கள் என்று நண்பர் தாழ்ந்த குரலிலே சொன்னார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அலை வடிந்தபின் தோன்றிய தொல்லை ஒன்றை நான் அங்கே தான் விளங்கிக்கொண்டேன். 2005ஆம் ஆண்டிலே அரசாங்கம் வடக்குக் கிழக்குக் கரைகளிலே கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டலாகாது என்றது. பட்டையே ஒடுங்கிய ஊரிலே 200 மீட்டரை விட்டால் எங்கே போவது? பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. வேறு சிலருக்கு வெளியே புது வீடுகள் கிடைத்தன. ஊரின் மேற்கே, வயல் நிரப்பிய நிலத்திலே, வெனிசுவேலா நாட்டின் உதவியோடு ஒரு குடியிருப்பு எழுந்தது. தென்னமெரிக்க விடுதலை வீரர் சிமோன் பொலிவாரின் பெயரால் அது பொலிவேரியன் கிராமம் எனப்படுகின்றது. அப்பெயரை ஊர்ச் சிறுவர் தம் பாட்டன் பெயர்போல இயல்பாகச் சொல்லுகின்றனர்.

ஆயினும் கிழக்கிலே பல இடங்களிற் புது வீட்டின் உறுதி 'குடும்பத் தலைவர்' பெயரிலே எழுதப்பட்டது. குடும்பத் தலைவர் எனில் ஆண் என்றே அலுவலகப் படிவம் கொண்டது. அலை கொண்டுபோன வீடு தாய் மகளுக்குத் தந்த வீடு. அதற்கு ஈடாக வந்த வீடோ கணவன் பெயரிலே. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் கையிலிருந்த உரிமை, எவரும் திட்டமிட்டுப் பறிக்காமலே, ஒரு படிவத்தின் ஒரு கட்டத்திலே நழுவிப்போயிற்று. வேறிடத்து வழக்கத்தை அளவுகோலாகக் கொண்டு செய்யும் நல்லுதவியிலும் இத்தகைய தீங்கு நேரக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

'சுனாமி' என்பதே யப்பானியச் சொல். 'சு' என்றால் துறைமுகம். 'நாமி' என்றால் அலை. யப்பானின் வடகிழக்குக் கரையிலே அனெயோசி என்றொரு சிற்றூர். 1933ஆம் ஆண்டிலே பேரலை அவ்வூரை அழித்தபின், எஞ்சியோர் மேட்டுநிலத்திலே ஒரு கல்லை நாட்டினர். இதற்குக் கீழே வீடு கட்டவேண்டாம் என்பது அக்கல்லின் செய்தி. 2011ஆம் ஆண்டு பங்குனி 11ஆந் திகதி மீண்டும் பேரலை எழுந்தபோது, நீர் அக்கல்லை எட்டாமலே நின்றது. மேலே இருந்த வீடுகள் பிழைத்தன.

சாய்ந்தமருதிலே அத்தகைய கல்லை நாட்ட மேடு இல்லை. கடலும் தாழ்வு, வயலும் தாழ்வு. 2012ஆம் ஆண்டு சித்திரை 11ஆந் திகதி சுமாத்திராவுக்கப்பால் மீண்டும் நிலநடுக்கம் ஏற்பட்டு எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, ஊரார் வீடுகளைப் பூட்டாமலே மேற்கு நோக்கி ஓடினர். அலை வரவில்லை. ஆனால் ஓடத் தெரிந்திருந்தது. கல்லிலே எழுதவேண்டியதை இம்மக்கள் கால்களிலே எழுதி வைத்திருக்கின்றனர் என எண்ணிக்கொண்டேன்.

கடைசி நாள் மாலை. மூதாட்டியார் என்னைக் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். அவருக்குப் பெண்மக்கள் மூவர். மூத்தவர் இருவருக்கும் வீடு கொடுத்தாயிற்று. இளையவள் படித்துக்கொண்டிருக்கின்றாள். அவளுக்கென இரண்டு நிலங்கள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று கடற்பக்கம், மணல்நிலம், மழைநீர் தங்காது, விலையும் குறைவு. மற்றையது வயலை நிரப்பிய நிலம். கடலுக்குத் தூரம், ஆனால் மாரியிலே முழங்காலளவு வெள்ளம் நிற்கும், நிரப்பும் செலவும் உண்டு.

"நீங்க படிச்ச ஆள். எங்க மனே கட்டுற?" என்று கேட்டார்.

நான் விடை கூறவில்லை. ஐந்து நாள் தங்கியவன் கூறக்கூடிய விடை எதுவும் அங்கு இல்லை. அவருடைய வினாவிலே அவ்வூரின் வாழ்வு முழுவதும் அடங்கியிருந்தது. மகளுக்கு வீடு வேண்டும்; நிலமோ ஒடுங்கியது. உணவு தந்த கடல் உயிரையும் கொண்டது. உணவு தந்த வயலை மூடினால் நீருக்குப் போக்கிடமில்லை. இவற்றுக்கிடையே ஒரு தாய் தன் மகளின் வாசலை எத்திசையில் வைப்பது எனச் சிந்திக்கின்றாள். "எந்த நிலமாயினும் உறுதியை மகள் பெயரிலே எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னேன். "அது சொல்லியா தரணும்?" என்று அவர் சிரித்தார்.

யப்பானியத் தீவுகளுக்குச் செல்வோர் விடைபெறும்போது, வீட்டார் துறைமுகம்வரை வந்து கையசைப்பார்களாம். சாய்ந்தமருதிலே துறைமுகம் இல்லை. ஒழுங்கையின் முனைவரை மூதாட்டியார் வந்தார். என் கையிலே வாழையிலையிற் பொதிந்த தொதலைத் தந்தார். "கிறுகி வாங்க மனே" என்றார்.

பஸ் புறப்பட்டது. முன்பு பலமுறை பார்த்த அதே பெயர்ப்பலகை யன்னல் வழியே கடந்து சென்றது. இம்முறை அதனை முழுவதும் வாசித்தேன்.